ஒன்றரை லட்சம் பட்ஜெட்டில் ஒரு வீட்டுக்கு மின்சாமான்: எதைக் குறைத்தோம், எதில் கை வைக்கவில்லை

தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கமாக ஒரு மாடி வீடு. கீழ்வீடு இருபது வருடத்துக்கு மேல் பழசு. மாடி இப்போதுதான் எழும்பியது, கட்டு வேலை முடிந்து பூச்சுக்காகக் காத்திருந்தது. கீழே இருப்பவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர், பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறார். மகன் துபாயில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போவார். காசு மகனுடையது. மகனுக்கு வேண்டியது ஃபோனில் வீடு தெரிவது. அம்மாவுக்கு வேண்டியது கரண்ட் போனால் ஃபேன் ஓடுவது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது: எட்டு கேமரா, வீடு முழுக்க இன்வர்ட்டர், மாடி பெட்ரூமுக்கு ஒன்றரை டன் ஏசி, வாசலில் வீடியோ டோர் ஃபோன், இரண்டு தளத்துக்கும் வைஃபை, 55 இஞ்ச் டிவி. கீழே கடைசி வரி, "ஒன்றரை லட்சம் அண்ணாச்சி, அதுக்கு மேல இழுத்துராதீங்க."

நல்ல சரக்காகப் போட்டுக் கணக்குப் பார்த்தால் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது.

வீட்டுக்கு வயரிங், கேமரா, இன்வர்ட்டர் போட்டுக்கொடுப்பது எங்கள் தொழில். இந்த இடத்தில் அதில் பொதுவாக நடப்பது ஒன்றுதான். பட்டியலில் எதையும் அடிக்க மாட்டார்கள், ஒவ்வொன்றிலும் தரத்தில் ஒரு படி இறங்குவார்கள். எட்டு கேமரா எட்டாகவே இருக்கும், கேபிள் மட்டும் மட்டமாகும். இன்வர்ட்டர் இருக்கும், உள்ளே வேறு சரக்கு. வாடிக்கையாளருக்கும் சந்தோஷம், கேட்டது எல்லாம் வந்துவிட்டது, மொத்தமும் இறங்கிவிட்டது. பிரச்சினை வாரண்டி முடிகிற சமயத்தில் ஒவ்வொன்றாகக் கிளம்பும், அப்போது யாரிடம் போய்ச் சொல்வது? நான் எண்ணிக்கையைக் குறைப்பேன், படியைக் குறைக்க மாட்டேன். எதில் குறைக்கலாம் என்று பார்க்க, மறுபடி மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்கணுமா, வருடத்தில் எத்தனை நாள் ஓடப் போகிறது, இந்த இரண்டு கேள்வி போதும். முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் அதில் பேரமே கிடையாது. இரண்டாவதில் பதில் சின்னதாக இருந்தால் தாராளமாக இறங்கலாம்.

முதலில் சுவருக்குள் போகிறவை. கீழ்வீட்டில் எர்த், அதாவது கசிகிற கரண்ட்டைத் தரைக்குள் இறக்குகிற கம்பி என்று ஒன்று, ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸ் வரை வந்திருந்தது, அதற்கு அப்புறம் தரையில் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பின்கட்டில் தோண்டிப் பார்த்தபோது ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) துருப்பிடித்துப் பொடிப்பொடியாக வந்தது. கடலோரத்து மண்ணில் உப்பும் ஈரமும் இருப்பதால் எர்த்திங் நன்றாகவே பிடிக்கும், ஆனால் அதே உப்புதான் பைப்பையும் தின்னும். செம்பு பூசிய எர்த் ராடு இரண்டு இறக்கி, புது கம்பி இழுத்து, டிபி-யில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, மின்னல் அடித்தால் தாங்க ஒரு சர்ஜ் புரொடெக்டர். மகனுக்கு இது பட்டியலிலேயே இல்லாத செலவு. "கேமராவைக் குறைச்சுட்டு எர்த்துக்குப் போடுறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். குளிக்கிற இடத்தில் ஹீட்டர் இருக்கிறது, ஈரக் கையோடு ஒருவர் தனியாக அந்த வீட்டில் இருக்கிறார், ஷாக் அடித்தால் அதை வெளியே போய்ச் சொல்லக்கூட ஆள் கிடையாது. அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஆர்சிசிபி போட்டதும் அடுத்த தலைவலி, நினைத்தபடியே. பழைய வயரிங்கில் இன்வர்ட்டர் லைனுக்கும் மெயின் லைனுக்கும் நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பி வருகிற கம்பியை, கலந்து விட்டிருப்பார்கள், ஒரு அறையின் நியூட்ரல் பக்கத்து அறையிலிருந்து கடன் வாங்கியிருக்கும். ஆர்சிசிபி போகிற கரண்ட்டையும் திரும்பி வருகிற கரண்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற சாமான், வேறு வழியாகத் திரும்பினால் உடனே டிரிப் ஆகும். நிறைய வீடுகளில் "சும்மா சும்மா டிரிப் ஆகுது" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். இங்கே இன்வர்ட்டருக்குத் தனி நியூட்ரல் இழுத்தோம், கீழே சுவரை உடைக்காமல், சுவர் மேலே அடிக்கிற பிளாஸ்டிக் கேசிங் பட்டிக்குள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, டீச்சரிடம் முன்கூட்டியே காட்டிச் சம்மதம் வாங்கித்தான் செய்தது.

மாடியில் நேரெதிர் நிலைமை. பூச்சுக்கு முன்னால் இருப்பதால் பைப் போடுகிற செலவு மிகக் குறைவு, பூசியபின் அதே வேலை பல மடங்கு. அதனால் இப்போது வாங்காத சாமானுக்கும் சேர்த்துப் பைப் போட்டோம். டிவி வரப்போகிற சுவரில் ஒரு பைப், மொட்டை மாடியின் இரண்டு மூலைக்கும் கேமரா பைப், இன்னொரு ஏசிக்குத் தனி லைன். உள்ளே இழுகம்பி விட்டு, எது எங்கே போகிறது என்று எழுதி முனையில் கட்டியாயிற்று. மொத்தமாக இதற்கு ஆனது ஒரு கேமரா விலைகூட இருக்காது. காசு இல்லை என்கிறவரிடம்தான் இதை முதலில் பேசணும். காசு இருப்பவர் பிறகு சுவரை உடைத்துக்கொள்வார்.

இனி இன்வர்ட்டர். இந்த வேலையிலேயே நிறைய யோசித்தது இங்கேதான், காசு மிச்சமானதும் இங்கேதான். கேட்டது வீடு முழுக்க. அப்படியானால் இரண்டு பேட்டரி, 24 வோல்ட் இன்வர்ட்டர், நாற்பத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. ஆனால் கரண்ட் போனால் உண்மையில் ஓட வேண்டியது என்ன என்று எண்ணிப் பார்த்தால், கீழே நாலு ஃபேன், ஆறு எல்ஈடி லைட், ரவுட்டர், கேமரா, கேமராப் படம் பதிகிற ரெக்கார்டர். பழைய ஃபேன் ஒவ்வொன்றும் 75 வாட் இழுக்கும், நாலுக்கு 300. லைட்டும் மற்றதும் சேர்த்து நூறு. ஆக 400 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி இருப்பது 1,800 வாட் மணி, ஆனால் அது காகிதக் கணக்கு. அந்த 150 என்பதே 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற அளவு, வேகமாக இழுத்தால் கொள்ளளவே சுருங்கும். இன்வர்ட்டரில் போகிற நஷ்டம் வேறு, அடிவரை இறக்கினால் பேட்டரி ஆயுசு போகும் என்பதால் மிச்சம் வைக்கவும் வேண்டும். கையில் நிற்பது 1,100, அதிகம் போனால் 1,200. அதாவது ஒரு பேட்டரியில் மூன்று மணி நேரத்துக்குள் சார்ஜ் தீர்ந்து இன்வர்ட்டர் கூவிவிடும்.

இரண்டாவது பேட்டரி வாங்குவதற்குப் பதில் நாலு ஃபேனையும் மாற்றினோம். பிஎல்டிசி என்கிற குறைந்த கரண்ட் மோட்டார் உள்ள ஃபேன் 28-லிருந்து 35 வாட்டுக்குள் ஓடும். நாலுக்கு 120 என்று வைத்தால் மொத்தம் 220 வாட்டுக்கு இறங்கிவிட்டது, அதே ஒற்றை பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கும். நாலு ஃபேனுக்கு 11,500. ஒரு நல்ல பேட்டரியின் விலையே அதைவிட அதிகம், அதுவும் நாலைந்து வருடத்தில் மறுபடி வாங்கவேண்டிய சாமான், அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை வேறு. ஃபேன் கரண்ட் இருக்கும்போதும் பாதிக்குக் குறைவாக இழுக்கும். பேட்டரி கடைக்காரர் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் விற்பது ஃபேன் இல்லை.

இன்வர்ட்டரில் கரண்ட்டைச் சதுர அலையாகத் தருகிற ஸ்கொயர் வேவ் எடுத்தால் ஒன்றரை, இரண்டாயிரம் குறையும். வேண்டாம் என்றோம். ஃபேன் ரீங்காரம் போடும், எலக்ட்ரானிக் சாமானுக்கும் நல்லதில்லை. லைன் கரண்ட் மாதிரியே சீரான அலை தருகிற பியூர் சைன் வேவ், ஒற்றை பேட்டரிக்குப் போதுமான சின்ன மாடல்தான். பேட்டரியில் மட்டும், உள்ளே குழாய் வடிவத் தகடு இருக்கிற உயரமான டியூபுலர் வகை, பில்லில் தேதி, சீரியல் நம்பர் எழுதி வாங்கியது. பேட்டரி வாரண்டியில் 36 மாதம் முழு மாற்று, அப்புறம் 24 மாதம் கழிவு விலை என்பது மாதிரி இரண்டு துண்டாக இருக்கும், அட்டையில் பெரிய எழுத்தில் 60 என்று மட்டும் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர் முழு மாற்று எத்தனை மாதம் என்கிற நம்பரைத்தான் கேட்கணும்.

எங்கே வைப்பது என்பதில் ஒரு விஷயம். 2023 டிசம்பரில் இந்தப் பக்கம் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது, தூத்துக்குடிக்குள்ளும் நிறைய வீட்டில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. டீச்சர் வீட்டு ஹாலில் சுவரில் அந்த மட்டம் இன்னும் கறையாக இருக்கிறது. பேட்டரியைத் தள்ளுவண்டி டிராலியில் தரையில் வைத்தால் அடுத்த தடவை முதலில் மூழ்குவது அதுதான். படிக்கட்டுக்குக் கீழே கறைக்கு மேலே வரும்படி கொத்தனாரை வைத்து ஒரு மேடை கட்டச் சொன்னோம். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, இரும்பு ஸ்டாண்டை நம்ப முடியாது, காற்றோட்டமும் வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் பூஜை அறைக்குப் பக்கம் என்ற யோசனையை விட்டுவிட்டோம், விளக்கு எரிகிற இடம். ரெக்கார்டர் மாடிக்குப் போனது.

கேமராவில் மகன் எட்டில் நின்றார். ஒவ்வொரு கேமராவும் என்ன கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறது என்று எழுதச் சொன்னேன். வாசல் கேட்டில் யார் வந்தார். முன்கதவில் யார் நிற்கிறார். பின்பக்கம் அடுக்களைக் கதவு வழியாக யாராவது நுழைந்தார்களா. மாடிப்படியில் யார் ஏறினார். ஐந்தாவதிலிருந்து பதில் தடுமாறியது, "அந்தப் பக்கச் சந்து தெரியட்டுமேன்னு" என்றார், அந்தச் சந்தில் ஆள் நுழைய முடியாது, பூனை நுழையும். ஹாலுக்குள் ஒன்று வேண்டும் என்றார், அதை டீச்சரே மறுத்துவிட்டார். "நான் உட்காந்திருக்கறத நீ துபாய்லருந்து பாக்கணுமாப்பா?" நாலு போதும் என்று அந்தக் கேள்வியிலேயே முடிந்தது.

நாலானாலும் அவற்றில் படி இறங்கவில்லை. 2 மெகாபிக்சல் ஐபி கேமரா, பிஓஇ உள்ள ரெக்கார்டர், ஒரே கேபிளில் கரண்ட்டும் படமும். இதில் காசே செலவாகாத ஒரு தரம் இருக்கிறது, லென்ஸ். கடையில் கேட்காமல் வாங்கினால் 2.8 எம்எம்தான் தருவார்கள், அகலமாகக் காட்டும், பார்க்க நன்றாக இருக்கும். கேட் எட்டு மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் 2.8 லென்ஸில் படத்தின் அகலம் இருபது மீட்டருக்குப் பக்கம் வரும், 1,920 பிக்சலை அதில் பரப்பினால் ஒரு மீட்டருக்கு நூறுதான் கிடைக்கும், ஆள் வந்தது தெரியும், யார் என்று தெரியாது. முகம் அடையாளம் சொல்ல ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கேமராத் துறையில் வைத்திருக்கிற அளவு. 6 எம்எம் லென்ஸ் போட்டால் ஏறக்குறைய அது வந்துவிடுகிறது. விலை அதேதான். முன்கதவில் மட்டும் 2.8, அங்கே ஆள் இரண்டு மீட்டரில் நிற்பார்.

ரெக்கார்டர் எட்டு சேனல், நாலு சேனலுக்கும் அதற்கும் விலை வித்தியாசம் சொற்பம், பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ஹார்டுடிஸ்க் 1 டிபி. எச்.265 என்கிற வீடியோவைச் சுருக்கும் முறையில் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எடுத்தால் நாளுக்கு 21.6 ஜிபி, நாலுக்கு 86, ஆக பதினோரு நாள் பதிவு நிற்கும். மகனுக்கு அது போதும். ஆனால் கம்ப்யூட்டரில் போடுகிற சாதா டிஸ்க் வேண்டாம், கேமராவுக்கென்று வருவதைப் போடணும், இராப்பகலாக எழுதுகிற வேலைக்கு மற்றது தாங்காது.

இடையில் இன்னொருவர் கொடுத்த கொட்டேஷனை மகன் அனுப்பினார். டிவி தவிர எல்லாம் சேர்த்து 98,000, எட்டு கேமராவோடு. அதில் எர்த்திங் இல்லை, கேபிள் என்று மட்டும் இருந்தது, 305 மீட்டர் பெட்டி ஒன்று, கம்பெனி பெயர் கிடையாது. அந்த விலைக்கு முழுச் செம்பு வராது, செம்பு பூசிய அலுமினியம்தான் வரும், பாதி விலை. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தடை அதிகம், நீளமாகப் போனால் வோல்ட் விழும், ராத்திரி இன்ஃப்ராரெட் லைட் எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து எரியும். நாள் முழுக்க பிஓஇ கரண்ட் ஓடினால் சூடாகும், உப்புக்காற்றில் முனை சீக்கிரம் போகும். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை, கேட்ட பட்டியலைக் கேட்ட காசுக்கு அடக்கியிருக்கிறார். நான் மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: அந்தக் கொட்டேஷனில் கேபிள் கம்பெனி, பேட்டரி மாடல், ஹார்டுடிஸ்க் மாடல் மூன்றையும் எழுதி வாங்குங்கள், அதற்குப் பிறகும் விலை அதே 98,000 என்றால் அவரிடமே கொடுத்துவிடுங்கள். எழுதி வரவில்லை.

ஆன்லைனில் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிற வைஃபை கேமரா பற்றியும் கேட்டார். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது தப்பே இல்லை, கழற்றிக்கொண்டு போகலாம். சொந்த வீட்டில், அதுவும் பைப் போட வழி இருக்கும்போது தேவையில்லை. தவிர 2025 ஏப்ரலிலிருந்து நெட்வொர்க்கில் இணைகிற கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம், பெயர் தெரியாத சரக்கு அந்தச் சோதனையைத் தாண்டியதா என்று கேட்டுத்தான் வாங்கணும். பெட்டியோடு வருகிற பாஸ்வேர்டை அன்றே மாற்றி, மகனுக்கும் டீச்சருக்கும் தனித்தனி லாகின் கொடுத்தோம். எங்கள் ஃபோனில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஏசி-யில் தாராளமாக இறங்கினோம். மகன் 5 ஸ்டார் கேட்டார், 3 ஸ்டார் வாங்கச் சொன்னேன். ஸ்டார் லேபிளில் எழுதியிருக்கிற யூனிட் கணக்கு வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போடுவது. அப்படி ஓடினால் ஒன்றரை டன்னில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 200 யூனிட். இவர் வருவது ஒரு மாதம், ராத்திரி மட்டும், முந்நூறு மணி நேரம் இருக்குமா? வித்தியாசம் நாற்பது யூனிட்டில் நிற்கும். அதற்காக எட்டாயிரம் கூடப் போட்டால் ஏசி ஆயுசுக்கும் திரும்ப வராது. டீச்சர் தினமும் படுக்கிற அறையாக இருந்தால் நானே 5 ஸ்டார்தான் சொல்லியிருப்பேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18-ஆக இறங்கியதும் கை கொடுத்தது, அந்த மாற்றத்துக்கு அப்புறம்தான் வாங்கினோம், மூவாயிரம் போல மிச்சம்.

ஆனால் மாட்டுகிற முறையில் ஒரு பைசா குறைக்கவில்லை. வெளி யூனிட் கடலைப் பார்த்த சுவரில் கிடையாது, பைப் நீளம் கூடினாலும் உள்பக்கச் சுவருக்குத் திருப்பினோம். செம்புக் கண்டன்சர், மேல் பூச்சு உள்ளது. ஸ்டாண்ட் கடையில் இலவசமாகத் தருகிற தகரம் இல்லை, தடிமனான ஆங்கிளில் துத்தநாகம் முக்கியது, போல்ட்டும் நட்டும் எஸ்எஸ், துருப்பிடிக்காத எஃகு. கேமரா ஸ்குரூவும் அப்படியே, பெட்டியில் வருகிற ஸ்குரூ இந்த ஊரில் ஒரு மழைக்குத் தாங்காது. மாட்ட வந்தவர்கள் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளப் பார்த்தார்கள், பைப்பில் இருக்கிற காற்றை உறிஞ்சுகிற வேக்கம் பம்ப் கொண்டுவந்து இழுத்தால்தான் கையெழுத்து என்று நின்றோம். பைப்பில் ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் ஆயுசு குறையும், அது எந்த ஸ்டாரிலும் வராத தரம்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. டோர் ஃபோன் வேண்டாம், முன்கதவு கேமராவில் மைக் இருக்கிறது, சாதாரண பெல் போதும். மாடிக்கு வைஃபை, கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று இணைகிற மெஷ் செட்டுக்குப் பதில் கேபிள் இழுத்து, வைஃபை பரப்புகிற ஒரு ஆக்சஸ் பாயின்ட். டிவி அடுத்த வருடம்.

கடைசிக் கணக்கு: எர்த்திங், டிபி, வயர், பைப் எல்லாம் 29,000; இன்வர்ட்டரும் பேட்டரியும் 24,000; ஃபேன் 11,500; கேமரா வகை 33,000; ஏசி ஸ்டாண்ட், கூடுதல் பைப்போடு 42,000; வைஃபை, பெல் 3,500; கூலி 18,000. மொத்தம் 1,61,000. பதினொன்றாயிரம் மேலே போனது. கூலியில் குறைக்கச் சொன்னார் மகன், குறைக்கவில்லை. சாமானில் எனக்கு வருகிற கமிஷன் எவ்வளவு என்று பில்லோடு காட்டினேன், அதில் பாதியைக் கழித்து ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டுக்கு முடித்தோம். கூலியில் கை வைத்தால் அடுத்து சர்வீஸுக்குக் கூப்பிடும்போது போக மனசு வராது, இது எனக்கே தெரியும், அவரிடமும் சொன்னேன்.

வடகிழக்குப் பருவமழை தாண்டியபின் போய்ப் பார்த்தபோது ஸ்குரூ, போல்ட் எதிலும் துரு இல்லை. ஆர்சிசிபி ஒரு தடவை டிரிப் ஆகியிருந்தது, பழைய கிரைண்டரில் கசிவு, அது அதன் வேலையைத்தான் செய்திருக்கிறது. பின்பக்கக் கேமராவில் சிலந்தி வலை, ராத்திரி லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், ஒட்டடைக் குச்சியால் தட்டிவிடுங்கள் என்று சொல்லியாயிற்று.

டீச்சருக்கு இருந்த ஒரே புகார் ஃபேன். "தம்பி, அந்த ரிமோட்ட எங்க வச்சேன்னு தேடறதுதான் இப்ப எனக்கு வேலை." பிஎல்டிசி ஃபேனில் பெரும்பாலும் பழைய ரெகுலேட்டர் வேலை செய்யாது, ரிமோட்தான். அவர் வாங்கிய மாடலில் சுவர் சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வேகம் மாறும், அதைக் காட்டிக்கொடுத்தேன், பாதி சமாதானம். படுக்கையறை ரிமோட்டைக் கட்டில் பக்கத்தில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ரெகுலேட்டரோடு வருகிற மாடலும் இருக்கிறது, வயதானவர்கள் வீட்டுக்கு இப்போது அதைத்தான் முதலில் காட்டுகிறேன், சில நூறு ரூபாய் கூட.

வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தம் வேண்டுமா என்று மகன் கேட்டார். பேட்டரிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்ப்பதற்கு ஒப்பந்தம் எதற்கு, மிதவையில் பச்சை தெரிகிறதா சிவப்பு தெரிகிறதா என்று டீச்சரே பார்த்துச் சொல்லிவிடுவார், ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கி மேடைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.